கஞ்சி ஊட்டிய வார்டர்

மகன் குமாரசாமிக்கு, அம்மா எழுதுவது. இங்கே குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. பெரிய அருவியில் தண்ணீர் செம்மண் கலங்கலாக விழுகிறது. தெளிய இன்னும் ரெண்டொரு நாள் ஆகும். அப்பா சுகம். அக்காளும் அவள் பிள்ளைகளும் சுகம். சின்னவன் என்னை ஆச்சி என்று முழுசாகச் சொல்கிறான், அந்தப் பெருமையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்லியாகிவிட்டது. நான்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். சீயக்காய் இடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், வாசலில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நீ தென்காசியில் ரயில் ஏறின நாளிலிருந்து இப்படித்தான். உங்கப்பா பார்த்துப் பார்த்துவிட்டு, "ஏளா, ஒண்ணு அழுதிரு, இல்ல எழுதிரு. இப்படிக் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியாத" என்றார். அழுகை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரயில் நகரும்போது நீ ஜன்னல் வழியாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? நான் என்ன கைதியாவா போறேன், வார்டராத்தான போறேன். புளியறை மாமா மாதிரி நல்ல வார்டரா இருப்பேன், போதுமா?" என்றாய். போதாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரயில் போய்விட்டது. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குப் பதில்தான். பயிற்சி முடிந்து உன் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள் அல்லவா, அதற்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். உன்னோடு பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள், இதை எழுத அவர்களுக்குக் காரணம் இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது.

உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று தெருவே சிரித்தது. "அப்பன் உள்ள இருந்தான், மவன் வெளிய நிக்கப் போறான், குடும்பமே ஜெயில விடாது போலிருக்கே" என்றார்கள். உங்கப்பாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். ஜெயிலர் மேல் கேஸ் போட்டு அப்பீலில் ஜெயித்தவர் மகன் என்று உனக்கும் பெருமை உண்டு. இருக்க வேண்டியதுதான். எனக்கும் உண்டு. ஆனால் ஜெயித்தது உனக்குத் தெரியும், எப்படி ஜெயித்தது என்று தெரியாது. அப்போது நீ அருவிக்கரையில் கோவணத்தோடு குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்த வயது. பிறகு நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் புளியறை மாமா கடையில் நீ பிஸ்கட் தின்ன மாட்டாய் என்று உங்கப்பா நினைத்தார்.

உங்கப்பா கை எப்படிப்பட்ட கை என்று உனக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம். நீ பார்த்தது ஜெயிலுக்குப் பிந்தைய கை. சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள் பங்களாவில் பெட்டியை இறக்கி வைத்ததும் "ஆறுமுகம் இருக்கானா?" என்றுதான் கேட்பார்கள். அருவிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாரானால், கோர்ட்டில் சிங்கம் போல் கத்துகிற வக்கீலும் குழந்தை மாதிரித் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணெய் காய்ச்சுவது நான், தேய்ப்பது அவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. நம் பக்கம் மதுவிலக்கு, எல்லை தாண்டினால் கிடைக்கும். ஒரு சீசனில் பங்களாக்காரர் ஒருவர் கேட்டார் என்று உங்கப்பா பாட்டிலை எண்ணெய்க் கூடைக்குள் வைத்து எடுத்து வந்தார், பிடிபட்டார். கேட்டவர் மறுநாளே ஊருக்குப் போய்விட்டார். நீ வளர்ந்த பிள்ளை, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்: பாட்டில் எடுத்து வந்தது உண்மை, கோர்ட்டிலும் உண்மை என்றுதான் சொன்னார். சில மாதம் ஜெயில் கொடுத்தார்கள். அதில் எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. நம் வழக்கு அதைப் பற்றியதே இல்லை.

உள்ளே போன கொஞ்ச நாளில் அங்கே இருந்த ஜெயிலருக்கு, வந்திருப்பது குற்றாலத்து எண்ணெய்க்காரன் என்று தெரிந்துவிட்டது. தினம் காலையில் தன் குவார்ட்டர்சுக்கு வரச் சொல்லித் தேய்க்கச் சொன்னார். உங்கப்பாவும் தேய்த்தார். பூட்டின அறைக்குள் கிடப்பதைவிட அது மேல் என்று நினைத்திருப்பார். பிறகு ஜெயிலரின் கூட்டாளி ஒருவர் வந்தார். அவருக்கும் தேய்க்கச் சொன்னார்கள். எண்ணெய் சூடு போதாது என்று அந்த ஆள் உட்கார்ந்தபடியே காலால் உங்கப்பா நெஞ்சில் எத்தினான். உங்கப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, "என்னை உள்ள இருக்கச் சொன்னது கோர்ட்டுய்யா. இவுஹளுக்கு எண்ணெ தேய்க்கச் சொல்லல" என்றாராம். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். மெதுவாகத்தான் சொல்லியிருப்பார். அன்றைக்கே அவர் கை ரெண்டுக்கும் விலங்கு பூட்டி, தலைக்கு மேல் சுவர் வளையத்தில் மாட்டிவிட்டார்கள். படுக்க முடியாது. பல நாள். கால் கடுத்து உடம்பு தொங்கும்போதெல்லாம் பாரம் முழுக்க மணிக்கட்டில். விட்டபோது விரல் இருந்தது, உணர்வு இல்லை.

அவர் விடுதலையாகி வீட்டுக்கு வந்த அன்று நான் மோர் கொடுத்தேன். டம்ளரை வாங்கினார், அது அப்படியே நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்று கொடுத்தேன், அதுவும் விழுந்தது. "என்னங்க, வேணாம்னா வாயால சொல்லுங்களேன்" என்று கத்தினேன். அவர் ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றிப் புண், சீழ் கட்டி, ஈ மொய்க்கிற புண். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? எண்ணெய் காய்ச்சினேன். எனக்கு வேறென்ன தெரியும்? தேங்காயெண்ணெயில் மஞ்சளும் குப்பைமேனியும் போட்டுப் பதமாகக் காய்ச்சி, காலையும் மாலையும் தடவினேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்பார், நான் விட மாட்டேன். புண் ஆறியது, தழும்பு மங்கியது, கடைசியில் தோல் பழையபடி ஆகிவிட்டது. தெருவில் இருக்கிற பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன், "பாருங்கட்டி, எங்க எண்ணெய" என்று. விரல் மட்டும் மடங்கவில்லை.

அதற்கு நடுவிலேயே அவர் தென்காசிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டார். அந்த வக்கீலய்யா வருஷா வருஷம் உங்கப்பாவிடம் தலையைக் கொடுத்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வா ஆறுமுகம், நான் வர்றதுக்குப் பதிலா நீ வந்துட்ட" என்றாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குற்றம் செஞ்சவனை உள்ள வைக்கலாம். அதுக்கு மேல அவன் உடம்புல கை வைக்க எந்தக் கோர்ட்டும் எழுதிக் கொடுக்கல. ஜெயிலர் மேலயே கேஸ் போடுவோம்" என்றார். ஜெயிலர் மேல் கைதி கேஸ் போட்டதாக நான் கேட்டதே கிடையாது. அரசாங்க ஆள் மேல் கேஸ் போடுவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் நான் தழும்பைத் துடைத்து எடுத்தேன்.

கீழ்க் கோர்ட்டில் நானும் கூண்டில் ஏறினேன். சாட்சி சொல்லி முடித்ததும் குமாஸ்தா கைநாட்டு மைப்பெட்டியை நீட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள் என்றால் அது எனக்குப் படிப்பு வராததால் இல்லை, தொட்டிலில் தம்பிமார் இருந்ததால். இதையும் அந்தப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. அது கிடக்கட்டும். ஜெயிலர் தரப்பு வக்கீல் என்னைக் கேட்டார்:

"புண்ணு இருந்துச்சுங்கிறீங்களே, எங்கம்மா இப்போ?"

"ஆத்திட்டேன்."

"எப்படி ஆத்தினீங்க?"

நான் எண்ணெய் காய்ச்சும் பதத்தை முழுசாகச் சொன்னேன். எந்தச் சூட்டில் மஞ்சள் போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் எல்லாம். "எங்க எண்ணெயில ஆறாத புண்ணே கிடையாது" என்றும் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. உங்கப்பாவைக் கூப்பிட்டு மணிக்கட்டைக் காட்டச் சொன்னார்கள். முன்சீப் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. விரல் மடங்கவில்லையே என்றால், வருஷம் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற ஆள், வாதம் என்றார்கள். வெளியே வந்ததும் வக்கீலய்யா தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தத் தழும்பை விட்டு வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அது என் தப்பு என்று ஊரும் சொன்னது. நான் இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. புருஷன் கையில் ஈ மொய்க்கிறது, கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும் என்று எந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பாள்?

எனக்குப் பிறகு அவர்கள் தரப்பில் ஒரு வார்டர் கூண்டில் ஏறினார். சுடலைமுத்து. ஆம், உன் புளியறை மாமாதான். அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். இஸ்திரி போட்ட காக்கி, நெற்றியில் திருநீறு, நல்ல களையான முகம். விலங்கும் இல்லை சுவரும் இல்லை என்று ஜெயிலர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார். "கைதியைக் கொடுமைப்படுத்தினாங்களா?" என்று கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொடுமையா? என் கூடப் பெறந்தவன் மாதிரிப் பாத்தேன்யா. என் கையால கஞ்சி ஊட்டி விட்டிருக்கேன். இந்தா நிக்காருல்லா, இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றார். எல்லாரும் உங்கப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கப்பா என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் நின்றிருக்க வேண்டும். அவரோ கண் கலங்கிப்போய், "ஆமாய்யா, ஊட்டுனாரு" என்று தலையை ஆட்டினார். அதோடு முடிந்தது. ஜெயிலில் அன்பாகத்தான் நடத்தியிருக்கிறார்கள், வாதியே ஒப்புக்கொள்கிறார் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் பட்டது கொஞ்சமில்லை. "என்னவே ஆறுமுகம், கையில விலங்கு போட்டாவளா, வளையல் போட்டாவளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். உங்கப்பா சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். நான் ஒருநாள் அப்படிக் கேட்டவனை வழியில் நிறுத்தி, "வளையல்தான்டா. ஒனக்கும் ஒரு சோடி வாங்கித் தரட்டா, மாட்டிக்கிட்டு நாலு நாள் செவத்துல தொங்குதியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் அதற்குப் பிறகு என் கண்ணில் படாமல் சுற்றுப்பாதையில் போனான். உங்கப்பா மடங்காத விரலை வைத்துக்கொண்டு முழங்கைக்குக் கீழே உள்ள கையால் அழுத்தித் தேய்க்கப் பழகிக்கொண்டார். பழைய ஆட்களில் சிலர் பாசத்துக்காக வந்தார்கள். புதியவர்கள் அடுத்த கல்லுக்குப் போனார்கள்.

வக்கீலய்யா மட்டும் விடவில்லை. மேல் கோர்ட்டில் அப்பீல் போட்டார். அப்பீலில் புதிய சாட்சி கூப்பிட முடியாதாம், கீழே பேசினதை வைத்துத்தான் பேச வேண்டுமாம். அதை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தவர் ஒருநாள் எங்கள் ரெண்டு பேரையும் தென்காசிக்கு வரவழைத்தார். முகம் பிரகாசமாக இருந்தது. "அந்த வார்டரே நம்ம சாட்சிம்மா. கை நல்லா இருக்கிற, காய்ச்சல் இல்லாத ஒரு ஆம்பளைக்கு எவனாவது கஞ்சி ஊட்டுவானா? கை கட்டிக் கிடந்தாத்தான் ஊட்டணும். கீழ அதை அன்புன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுத்தான் நிக்கப் போறேன்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். உங்கப்பா உட்கார்ந்தபடியே, "அது வேண்டாம்யா" என்றார்.

"ஏன்?"

"அந்த மனுசன் ஊட்டாட்டா நான் செத்திருப்பேன். ஊட்டுன கையையே காட்டிக் கொடுக்கவா? கோர்ட்டுல பொய் சொன்னாருன்னு வேலை போயிரும்யா."

"இதை விட்டா அப்பீல்ல வேற ஒண்ணுமே இல்ல ஆறுமுகம்."

"இல்லாட்டாப் போகட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. குற்றாலத்தில் இறங்கியதும் பேசினேன். கடைத்தெரு என்றுகூடப் பார்க்காமல் பேசினேன். "ஒங்க கைய எடுத்தவன் ஜாலியாத் திரியுதான். நீங்க ஊட்டுனவருக்காக அழுதுக்கிட்டு இருக்கீய" என்றேன். "ஒனக்குப் புரியாதுளா, பசிச்சாத்தான் தெரியும்" என்றார். அந்த அப்பீல் தேதி வரும் வரைக்கும் வீட்டில் எனக்கும் அவருக்கும் இதே பேச்சுத்தான். சில நாள் பேச்சே இல்லை. நீ ஒருநாள் நடுவில் வந்து, "அப்பாவும் நீயும் டூவா?" என்று கேட்டாய்.

அந்தச் சீசனில் சுடலைமுத்து அண்ணாச்சி பெண்டாட்டி பிள்ளைகளோடு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். நேரே உங்கப்பா கல்லுக்குத்தான் வந்தார். காக்கி இல்லாமல் இடுப்புத் துண்டோடு வந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் பக்கத்தில் சீயக்காய்ப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னத் தெரியுதாவே ஆறுமுகம்?"

"தெரியாமலா? உக்காரும் அண்ணாச்சி, உக்காரும்."

உங்கப்பா முகத்தைப் பார்க்க வேண்டும், சம்பந்தி வந்த மாதிரி. முழங்கையால் அவர் முதுகில் எண்ணெயை அழுத்தித் தேய்த்தார். அண்ணாச்சிக்கு அது உறுத்தியிருக்க வேண்டும், விரல் எங்கே என்று. கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பீல்ல எம்பேச்ச எடுக்கப் போறாவளாம். ஜெயிலர் கூப்பிட்டுச் சொன்னாரு. எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைவே" என்றார். "நான் எடுக்க விடமாட்டேன் அண்ணாச்சி. நீரு நிம்மதியாக் குளிச்சிட்டுப் போவும்" என்றார் உங்கப்பா.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அந்த மனிதரின் பெண்பிள்ளைகள் அருவியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கே மனம் இளகித்தான் இருந்தது. ஆனாலும் உங்கப்பா மணிக்கட்டுக்குத் தினமும் எண்ணெய் தடவியவள் நான் அல்லவா, அதனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? அந்த வெலங்குச் சாவி யார்ட்ட இருந்துச்சு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கிட்டதாம்மா."

"எங்கன?"

"இடுப்புலதான் கெடக்கும்."

"கஞ்சி ஊட்டுறப்பவுமா?"

அண்ணாச்சி முதுகில் உங்கப்பா கை அப்படியே நின்றது. உங்கப்பா மனதில் அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். வாய்க்கு நேரே கஞ்சிச் சட்டி வரும்போது கண்ணுக்குக் கீழேயே அந்தச் சாவிக்கொத்தும் ஆடியிருக்கும். பசியில் அவர் சட்டியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அண்ணாச்சியே மெல்ல, "அவுக்கக் கூடாதுன்னு உத்தரவு. சாப்பிடக் கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு இல்ல. அதான் என்னால ஆனதச் செஞ்சேன்" என்றார். உங்கப்பா மீதி முதுகையும் தேய்த்து முடித்தார். பாதியில் விடவில்லை. "போய்க் குளியும் அண்ணாச்சி, தண்ணி நல்லா விழுது" என்று அனுப்பி வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினார். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, நடந்தே போனார். திரும்பி வந்து, "பேசச் சொல்லிட்டேன்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அன்று சாப்பிடவில்லை.

மேல் கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. வக்கீலய்யா பேசி முடித்ததும் ஜட்ஜ் ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டார், சத்தமே இல்லாமல். முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. ரெண்டாவதுக்கு ஜெயிலர் தரப்பு வக்கீல் எழுந்தார், காகிதக் கட்டை அவிழ்த்தார், புரட்டினார், மூடினார், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்தார். பிறகு அப்படியே நின்றார். அந்த அமைதி மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. வெளியே வந்து வக்கீலய்யா சொன்னார்: கைதிக்கு நோய் இருந்ததா என்று ஜட்ஜ் கேட்டாராம், இல்லை என்றார்களாம். அப்படியானால் எதற்காக ஊட்ட வேண்டியிருந்தது என்று கேட்டாராம். தீர்ப்பு பிறகு வந்தது. ஜெயிலர் செய்தது தவறு, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று. ஊரில் மாலை போட்டார்கள். வளையல் கேட்டவனே முதல் ஆளாக வந்து போட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத மாட்டேன். ஜெயிலருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது, அவ்வளவுதான். விலங்கு பூட்டியதும் இவன், பொய்ச் சாட்சி சொன்னதும் இவன் என்று மொத்தத்தையும் சுடலைமுத்து அண்ணாச்சி தலையில் கட்டி வேலையை எடுத்துவிட்டார்கள். உங்கப்பா அவரைத் தேடிப் போய்ப் புளியறைக்குக் கூட்டி வந்தார், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு டீக்கடை போட்டுக் கொடுக்க ஒத்தாசை செய்தார். நீ போய்ப் பிஸ்கட் தின்னது அந்தக் கடையில்தான். உங்கப்பா அங்கே டீ குடிக்கும்போது நீ கவனித்திருப்பாய். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கிளாசை இடுக்கிக்கொண்டு, சட்டையில் சிந்தச் சிந்தக் குடிப்பார். அண்ணாச்சி பிடித்துக்கொள்ளக் கை நீட்டுவார். "வேணாம், நானே குடிச்சுக்கிடுதேன்" என்பார் உங்கப்பா. வேறு யார் பிடித்தாலும் வாங்கிக் குடிப்பார். அவரிடம் மட்டும் மாட்டார். கோபம் இல்லை. ரெண்டு பேரும் மணிக்கணக்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் மாட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கப்பா அருவியிலிருந்து வந்தார். "என்ன எழுதுத?" என்றார். "சாவி விஷயம்" என்றேன். கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். "அண்ணாச்சி மனசு நோகாம எழுது" என்றார். "அப்படி எழுத வராது எனக்கு" என்றேன். உள்ளே போய்விட்டார்.

குமாரு, நீ அந்த ஜெயிலர் மாதிரி ஆக மாட்டாய். அந்தப் பயம் எனக்கு ஒரு நாளும் இல்லை. ஒரு நாய்க்குட்டியைக்கூட நீ எத்தினது கிடையாது. நீ புளியறை மாமா மாதிரி ஆகிவிடுவாய் என்பதுதான் என்னை அடுப்படிக்கும் வாசலுக்கும் விரட்டுகிறது. அவர் நல்லவர். அவர் ஊட்டிய கஞ்சியில்தான் உனக்கு அப்பா இருக்கிறார், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் ராத்திரி வீட்டுக்குப் போய், இன்று ஒருவனுக்குக் கஞ்சி ஊட்டினேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார் பார், அந்தத் தூக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நிம்மதி இல்லாமல் இருந்திருந்தால் ஒருநாளாவது அவர் கை இடுப்புக்குப் போயிருக்கும். ஒருவேளை போயிருக்காது. எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் உத்தரவுக்கு நடுவில் நின்றவள் இல்லை. உனக்கும் மேலேயிருந்து உத்தரவு வரும். உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். எதிரில் நிற்கிறவன் உன் அப்பா மாதிரி மெதுவாகப் பேசுகிறவனாக இருக்க மாட்டான், கெட்ட வார்த்தை பேசுவான், துப்புவான், திருடியிருப்பான், அதைவிட மோசமும் செய்திருப்பான். எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒருவன் கை கட்டிக் கிடக்கும்போது உனக்கு இரக்கம் வந்தால், அந்த இரக்கத்தோடு முதலில் சாவியைத் தொட்டுப் பார். அவன் கையை அவிழ்த்துவிடு, அவனே எடுத்துச் சாப்பிடட்டும். அவிழ்க்கக் கூடாது என்று எவனாவது சொன்னால், எந்தச் சட்டத்தில் என்று கேள். வேலை போகும் என்றால் போகட்டும், ரயில் ஏறி வந்துவிடு. இங்கே சீயக்காய் இடிக்க எனக்கு ஆள் இல்லை. அப்பாவுக்கு எண்ணெய்க் கூடை தூக்கவும் ஆள் இல்லை. வந்து நின்றால் ஏன் வந்தாய் என்று ஒருத்தர் கேட்க மாட்டோம்.

உலை கொதிக்கிற சத்தம் கேட்கிறது, போகிறேன். சாவி உன் கைக்கு வந்ததும் ஒரு கார்டு போடு, அது வரும் வரை நான் நடந்துகொண்டுதான் இருப்பேன். அங்கே என்ன வேண்டுமானாலும் செய், மகனே. யாருக்கும் ஊட்டி மட்டும் விடாதே.

உன் அம்மா